டீச்சரின் நாற்காலி

தம்பானூரில் நான் நடத்தும் யோகா வகுப்பை விட்டு நின்ற நாலு பேரும் ஸ்ரீவராகத்தில் ஒரு டீச்சரிடம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு காலையில் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

டீச்சருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், நல்ல பருமன், தடித்த மூக்குக்கண்ணாடி. எழுந்திருக்கும்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். "இருங்கோ, என் நாற்காலி எங்கே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொள்வார்.

சிரசாசனம் வந்தது.

"இது நேக்கு வராது, கேட்டோ. கழுத்து சம்மதிக்காது" என்று மலையாளம் கலந்து சொன்னவர் என்னைப் பார்த்தார். "தம்பானூர் போர்டுல சார் தலைகீழா நிக்கற போட்டோ பார்த்திருக்கேன். கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

அந்தப் படம் என் முப்பது வயதில் எடுத்தது. நான் தலைகீழாக நின்று பத்து வருஷம் ஆகிறது.

"இன்னிக்கு ஜலதோஷம்" என்றேன்.

"ஐயோ, அப்போ வேண்டாம்" என்றார். நம்பிவிட்டார். கிளம்பும்போது மறக்காமல் ஒரு பொட்டலம் சுக்குப்பொடி வேறு கொடுத்தார். எரிச்சல் இரட்டிப்பாகியது.

மறுநாள் என் வகுப்பில் நானும் சொன்னேன்: "சிரசாசனம் எனக்கு வராது."

"சாருக்கு எத்தனை எளிமை, அல்லே?" என்றார் ஒருவர். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இன்னொரு முறையும் சொன்னேன், குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி.

அந்த டீச்சர் சொன்னபோது யாரும் அவரைப் புகழவில்லை. அவர் பாட்டுக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தார்.