பயோடெக்குக்குக் காவடி உண்டா?

ஆறாம் படிவத் தேர்வு முடிந்த கையோடு, தெப்ராவில் எங்கள் வீட்டருகே குடியிருக்கும் முருகனிடம் அப்பா ஓர் ஒப்பந்தம் போட்டுவிட்டார். மகளுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் படிப்பு கிடைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி. என்னை யாரும் கேட்கவில்லை. முருகன் சம்மதித்தாரா என்றும் தெரியவில்லை.

கிடைத்தது பயோடெக்னாலஜி. விண்ணப்பத்தில் மருத்துவத்தை முதல் இடத்தில் எழுதுவது எங்கள் ஆட்களுக்குப் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி. அதைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதுவோம். இரண்டாவதாக நான் ஆசைப்பட்டு எழுதியது இது.

முடிவு வந்த அன்று சாயங்காலமே வீட்டில் கூட்டம் கூடியது. என் எதிர்காலத்தைப் பேசத்தான் என்று நினைத்து நானும் போய் உட்கார்ந்தேன். பேசியதோ, காவடி எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று.

ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாதான் ஆரம்பித்தார். “பயோடெக்குன்னா கிருமிக்கு டாக்டர் மாதிரி லா. பாதி கொடுத்திருக்காரு. காவடி வேணாம், பால்குடம் போதும்.”

“கேட்டது ஒண்ணு, கொடுத்தது ஒண்ணு. எதுக்கு எடுக்கணும்?” என்றார் அம்மா. சாமி விஷயத்திலும் அம்மா மார்க்கெட்டில் மீன் வாங்குவது போலத்தான்.

மாமாவுக்கு வேறு யோசனை. “ரயுவான் போடுங்க மச்சான். அப்பீல் பண்ணா சில பேருக்கு மாத்திக் கொடுக்கறாங்க.”

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். “ரயுவானும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் இதத்தான் படிக்கப்போறேன்.”

காரணம் ஒரு வாழைப்பழம். அதை மசித்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து வடிகட்டி, மேலே குளிர்ந்த ஆல்கஹாலை மெல்ல ஊற்றினால், வெள்ளையாக நூல் நூலாக ஒன்று மேலே வரும். அதுதான் டி.என்.ஏ. பள்ளி லேபில் அதைக் குச்சியில் சுற்றி எடுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற பெண்களுக்குக் காதலில் அப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதையெல்லாம் கூட்டத்தில் விளக்கியபோது பெரியப்பா கொட்டாவி விட்டார்.

அப்பா பாசிர் கூடாங்கில் சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். “எங்க ஃபேக்டரியிலயும் லேப் இருக்கும்மா. வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு எண்ணெய பாட்டில்ல புடிச்சிட்டுப் போவாங்க. அதுக்கா நாலு வருஷம்?” என்றார்.

“அதுக்கும்தான்ப்பா.”

அதோடு எழுந்து இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தைப்பூசம் வந்தது, போனது. காவடிப் பேச்சே எழவில்லை. வேலை கிடைக்குமா என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், என் படிப்பை அப்பா முருகன் கைவிட்ட விஷயமாகவே கடைசிவரை நினைத்துவிடுவாரோ என்பது.

படித்த காலமெல்லாம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஊருக்கு வந்தால் மட்டும் வேறு தொல்லை. அத்தைகள் இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். தெரியாது என்றால், “அப்ப என்னதான் படிக்கற?” என்பார்கள். பிறகு சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி எல்லாருக்கும் ஒரே வைத்தியம் பார்த்தேன். யாருக்கும் கேடு வரவில்லை.

பட்டம் வாங்கியபின் வேலை தேடும் படலம். ஓர் இடத்தில் ஆராய்ச்சி என்று சொல்லிக் கூப்பிட்டு, சத்துமாவு விற்கச் சொன்னார்கள். ஈஸ்ட் வளர்க்கும் இன்னோர் இடத்தில் மாண்டரின் தெரியுமா என்று கேட்டார்கள். ஈஸ்டுடன் பேச மாண்டரின் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டாம். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி கேக் சுட்டு விற்றாள், ஒருவன் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் சில்லுத் தொழிற்சாலைக்குப் போனான். நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அப்பா திடீரென்று கறி, மீனை விட்டார். செருப்பையும் விட்டார். காவடிக்கு விரதம் என்றார் அம்மா. எனக்கு எரிச்சலாக வந்தது. மகளுக்கு வேலையில்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா?

தைப்பூசத்தன்று அம்மாவும் நானும் தண்ணீர் போத்தலோடு அவர் பின்னாலேயே நடந்தோம். காவடியை இறக்கி அவர் மூச்சு வாங்கும்போது கேட்டேவிட்டேன்.

“வேல இன்னும் கெடைக்கலையேப்பா. அட்வான்ஸா?”

“வேலைக்கு யாரு எடுத்தா? அப்ப வேண்டுனதுக்குத்தான் எடுத்தேன்.”

“அது டாக்டருக்குல்ல வேண்டுனீங்க?”

“நான் தப்பாக் கேட்டுட்டேம்மா. அவரு சரியாத்தான் கொடுத்தாரு.” போத்தலை வாங்கிக் குடித்தார். “லீவுல வரும்போதெல்லாம் சோத்த ஆற விட்டுட்டு பூஞ்சையப் பத்திப் பேசுவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. புள்ள சந்தோஷமா இருக்குன்னு மட்டும் வெளங்குச்சு.”

“அத இப்பதான் சொல்றீங்களா?”

“நீ படிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன். பாதியில விட்டுட்டு வந்துட்டா, எடுத்த காவடிய முருகன்கிட்ட திருப்பியா கேக்க முடியும்?”

அத்தனை கூட்டத்தின் நடுவில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “வேலைக்கு நான் தனியா வேண்டியிருக்கேன்” என்றார். “கெடச்சா நீ மொட்ட போடணும்.”

“அலமாக்! நானா?”

“வேல உனக்குத்தான?”

சில மாதம் கழித்து, சிம்பாங் ரெங்கம் பக்கம் சமையல் எண்ணெய் தரும் செம்பனையின் கன்றுகளைக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்க்கும் லேபில் வேலை கிடைத்தது. அம்மா நாள் கடத்தவில்லை. முதல் நாள் அங்கே உள்ளே நுழையுமுன் முடியை மறைக்க ஒரு வலைத் தொப்பி கொடுத்தார்கள். சந்தனம் பூசிய தலையில் அதை மாட்டிக்கொண்டேன். அந்தக் கோலத்தில் ஒரு படம் அனுப்பச் சொல்லி அப்பா அடம்பிடித்தார். ஃபேக்டரி கேண்டீனில் சாப்பிட வந்தவர்களை ஒருவர் விடாமல் நிறுத்திக் காட்டினாராம்.