பால்மரக் கட்டையின் மேல் காடி

என் புருஷன் காடிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். அந்தக் காடி விழப்போகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன். திட்ட நினைக்கிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் அவை. நாங்கள் ஈப்போவில் சிலிபின் பக்கம் குடியிருந்தோம். அவர் ஈயச்சுரங்கம் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், காடி ஓட்டினார். மோட்டார் காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். தவுக்கேயின் கடைவீட்டில் அதை நிறுத்த இடம் கிடையாது. அதனால் எங்கள் வாசலில் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை போட்டு அதில்தான் நிறுத்துவார். காலையில் எழுந்ததும் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார். தன் வேட்டி நுனியால் அதன் விளக்கைத் துடைப்பார். அதற்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கையில் கிடைத்ததை எடுத்து என்னை அடிப்பார். செருப்பு, அகப்பை, இடுப்பு வார் எல்லாம் பட்டிருக்கிறது. காடியின் முன்பக்கத்தில் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்புகிற இரும்புக் கம்பி ஒன்று உண்டு. ஒருநாள் எஞ்சின் கிளம்பாமல் அந்தக் கம்பி திருப்பி அடித்ததில் அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எஞ்சினைத் திருப்பி அடிக்க முடியுமா? நான்தான் இருந்தேன். என் முழங்காலுக்கு மேலே ஒரு விரல் புதைகிற அளவுக்கு இன்னும் பள்ளம் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். இரண்டு வாளிப் பாலைத் தோளில் காண்டாக் கம்பு போட்டு, மேடு பள்ளம் ஏறி இறங்கி, நிறுக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். என்னிடம் பலம் இல்லாமல் இல்லை. திருப்பி அடிக்கலாம் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை. யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காடிக்கு எண்ணெய் மாற்றுவார். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டு, புது எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒல்லியான ஆட்கள் காடி நிற்கிற நிலையிலேயே உள்ளே நுழைந்து வேலையை முடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குத் தொந்தி. முன்பக்கத்தைத் தூக்காமல் அவர் உள்ளே போக முடியாது.

தூக்குவதற்கு அவர் வைத்திருந்த முறைகளைக் குறை சொல்ல மாட்டேன். தரை சமமாக இருக்க வேண்டும். கை பிரேக்கை இழுத்துவிட்டுப் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். எங்கள் செம்மண் தரையில் ஜாக்கி புதைந்துவிடாமல் இருக்க அதற்குக் கீழே ஒரு பலகை போட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை என்பார். ஒரு பக்கம் தூக்கி முன் அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துவிட்டு, மறுபக்கமும் தூக்கி இன்னொரு கட்டை கொடுப்பார். பிறகு ஜாக்கியை இறக்கிக் காடியின் பாரம் முழுவதையும் கட்டைகளின் மேல் உட்கார வைப்பார். கடைசியாகப் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து மூன்று தரம் தள்ளிப் பார்ப்பார். ஆடவில்லை என்றால்தான் உள்ளே போவார்.

கல்லும் பலகையும் கட்டையும் வைக்கிற வேலை என்னுடையது. அத்தனையும் அடி வாங்கியே படித்தேன். கல் கோணலாக இருந்தால் கன்னத்தில் ஒன்று விழும். ஒரு தடவை பலகை போட மறந்துவிட்டேன். ஜாக்கி சாய்ந்தது. என் கொண்டையைப் பிடித்து மட்கார்டில் மோதினார். தன் உயிர் என்று வந்தால் மனுஷனுக்கு அவ்வளவு கவனம்.

கட்டைகள் இரண்டும் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ரயில்வே சிலிப்பர் கட்டையை அறுத்து எடுத்தவை. இரும்பு போல இருக்கும். நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், மழைக்கு இடையே கொஞ்சம் வெயில் வந்ததே என்று என் ஈரப் புடவையைக் காடியின் மேல் விரித்திருந்தேன். அவர் பார்த்துவிட்டார். கொட்டகையில் கிடந்த கட்டையில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி என்மேல் எறிந்தார். நான் குனிந்தேன். அது என் தலைக்கு மேலாகப் போய்க் கிணற்றுக்குள் விழுந்தது. அந்த மரம் மிதக்கிற ஜாதி இல்லை. நேராக அடிக்குப் போய்விட்டது. அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டை போய்விட்டதே என்று அதற்கும் சேர்த்து அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டை ஒன்றுதான் இருந்தது. ரயில்வேயில் தெரிந்த ஆள் இருந்தான், கேட்டால் இன்னொன்று கொடுத்திருப்பான். போய்க் கேட்கப் பொறுமை இல்லை. வலது முன்சக்கரத்தை வேறு அன்றைக்குக் கழற்ற வேண்டும், டியூபில் ஒட்டுப் போட வேண்டுமாம். நேராக என் விறகுக் குவியலுக்குப் போனார். தடித்த பால்மரக் கட்டை ஒன்றை எடுத்து நிமிர்த்தி, சிலிப்பர் கட்டையின் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தார். சரியாக இருந்தது.

பால்மரத்தைப் பற்றி எனக்குத் தெரியும். தோட்டத்தில் நெருக்கமாக நிற்கிற மரங்களைக் கழித்துச் சாய்ப்பார்கள். சாய்த்த கொஞ்ச நாளிலேயே பூச்சி விழுந்துவிடும். பட்டை அப்படியே இருக்கும், உள்ளே அரிசி மாவு போல ஆகியிருக்கும். எங்கள் லயத்து வீடுகளில் அதை உட்காருவதற்குக்கூடப் போட மாட்டோம், அடுப்புக்கு மட்டும்தான். காடி ஓட்டியே பிழைத்தவருக்கு இது தெரிய நியாயமில்லை. நான் சொன்னேன்.

“அந்தக் கட்டை வேண்டாங்க. பூச்சி விழுந்திருக்கு. பாரம் தாங்காது.”

கையில் ஸ்பானர் வைத்திருந்தார். அதாலேயே என் இடது முழங்கையில் ஒரு போடு போட்டார். உயிர் போய்விட்டு வந்தது.

“பால் வெட்டுனவ எனக்கு மரம் சொல்லித் தர்றியா? காடி ஓட்டுறது நானா நீயாடி?”

பிறகு நான் பேசவில்லை. ஒற்றைக் கையால் கல் வைத்தேன், பலகை வைத்தேன். இடது பக்கம் சிலிப்பர் கட்டையைக் கொடுத்தார்; வலது பக்கம் சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டுப் பால்மரக் கட்டையை நிறுத்தினார். ஜாக்கியை இறக்கினார். காடி உட்கார்ந்தது. என்மேல் இருந்த கோபத்தில் தோளால் ஒரே ஒரு தரம்தான் இடித்துப் பார்த்தார். எண்ணெய் பிடிக்கத் தகரத்தட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“மண்ணெண்ணெ டின்ன எடுத்துக்கிட்டு இங்கேயே நில்லு. நகந்தே, கால ஒடிச்சிருவேன்.”

நின்றேன். இடது கை ஊதிக்கொண்டே வந்தது. திருகு இறுகிப்போயிருந்தது. அவர் ஸ்பானரை மாட்டிச் சுத்தியலால் அதன்மேல் அடித்தார். முதல் அடிக்கே காடி அதிர்ந்தது. பால்மரக் கட்டையின் அடியிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் மாவு கொட்டியது. செம்மண்மேல் அது நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது அடிக்கு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு அடிக்கும் உள்ளேயிருந்து ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. முதலில் திருகைத் திட்டினார். பிறகு தவுக்கேயை. பிறகு என்னை, என்னைப் பெற்றவர்களை.

விழட்டும் என்று நினைத்தேன். ஏதோ மின்னல் மாதிரி மனசில் வந்துபோன எண்ணம் இல்லை. வார்த்தை வார்த்தையாக, நிதானமாக நினைத்தேன். விழட்டும். தாலி போகும். போகட்டும், அந்தச் சரட்டைப் பிடித்துத்தானே என்னை அடுப்படியிலிருந்து இழுத்து வருவார். தோட்டத்துக்குத் திரும்பிப் போவேன். மறுபடியும் வாளி தூக்குவேன். கட்டையை எடுத்து வைத்தது அவர். வேண்டாம் என்று சொன்னவள் நான். என்மேல் யார் குற்றம் சொல்ல முடியும்? இவ்வளவு கணக்கும் போட்டு முடிக்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். மாவு ஒரு கைப்பிடி அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

திருகு கழன்றது. பழைய எண்ணெய் தட்டில் கொட்டுகிற சத்தம் கேட்டது. “ஹா, வந்துருச்சு பாரு” என்று உள்ளே சிரித்தார். அப்போது கட்டை மெல்ல முனகியது. பட்டையில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியது.

டின்னைப் போட்டுவிட்டு அவர் கணுக்கால் இரண்டையும் பிடித்தேன். ஊதின கை வலித்ததா என்று ஞாபகம் இல்லை. பின்னால் சாய்ந்து ஒரே இழுப்பு. தொந்தி தட்டியது. கால் இரண்டையும் ஊன்றி இன்னொரு இழுப்பு. அவர் முதுகு தரையில் தேய்ந்து தோல் உரிந்துகொண்டே வந்தது. தலை வெளியே வந்ததும் கட்டை வெடித்துச் சிதறியது. காடியின் வலது பக்கம் அப்படியே தரையில் இறங்கியது. எண்ணெய்த்தட்டு கவிழ்ந்து, கருப்பு எண்ணெய் எங்கள் இருவர் மேலும் தெறித்தது. அவர் இடது கை மட்டும் முழுதாக வெளியே வந்திருக்கவில்லை. இரண்டு விரல்கள் அச்சுக்கு அடியில் நசுங்கிப்போயின.

அவர் அலறின அலறலில் அடுத்த வீட்டுப் பெண் ஓடி வந்தாள். அவளும் நானும் ஜாக்கியைக் கொடுத்து ஏற்றித்தான் கையை எடுத்தோம். விரல் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டையும் எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டார்கள். “புருஷன் உசிர காப்பாத்திட்டேலா, அக்கா” என்று அடுத்த வீட்டுப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தெருவெல்லாம் அதையே சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். அவர் உள்ளே போய்ப் படுக்கவில்லை. கொட்டகைக்குப் போய், விழுந்த காடியின் பக்கத்தில் குந்தினார். நல்ல கையால் அந்த மாவைத் தொட்டார். கட்டை வெடித்தபோது சிதறியது ஒரு பக்கம் கிடந்தது. அதற்கு முன்பே கொட்டிக் குவிந்தது தனியாக, கூம்பாக, எண்ணெய் படாமல் இருந்தது. வேலை தெரிந்த மனுஷன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது ஒரே தடவையில கொட்டல.”

“இல்ல.”

“நீ பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“எப்போலேருந்து?”

“நீங்க திருக அடிக்க ஆரம்பிச்சதுலேருந்து.”

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“ஏன் சொல்லல?”

“சொன்னேன்லா. சொன்னதுக்குத்தான் கைய ஒடிச்சீங்க.”

அவர் எழுந்தார். என் வலது கை தானாக முகத்துக்கு முன்னால் போனது. பழக்கம். அடி விழவில்லை. கையை இறக்கிப் பார்த்தேன். அவர் ஓர் அடி பின்னால் போயிருந்தார்.

“அப்புறம் எதுக்கு இழுத்தே?”

“தெரியல” என்றேன். அப்போது நிஜமாகவே தெரியவில்லை. இரக்கம் என்று இன்றைக்கு எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது பொய். பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் நினைத்திருந்தால் விட்டிருக்கலாம் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். செத்துப்போனவருக்கு அது எப்படித் தெரியும்? அவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவர் என்னை அடிக்கவில்லை. திருந்திவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கோபம் அப்படியேதான் இருந்தது. தட்டைச் சுவரில் அடிப்பார், கதவை உதைப்பார். என் பக்கம் கை வருவதற்குள் நின்றுவிடும். நான் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் கொஞ்ச நாள் மோந்து பார்த்துத்தான் குடித்தார். அதைப் பார்த்து எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது. அன்பாக இருந்தால் என்ன, பயமாக இருந்தால் என்ன, என் உடம்பில் புதிதாக ஒரு காயமும் இல்லை.

கை ஆறினதும் காடியும் சரியாகி வந்தது. மறுபடி எண்ணெய் மாற்றுகிற நாள் வந்தது. ரயில்வே ஆளிடம் கேட்டு இரண்டு சிலிப்பர் கட்டை வாங்கி வந்திருந்தார். கல், பலகை, கட்டை எல்லாம் நான்தான் வைத்தேன். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கியை இறக்கினதும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு காடிக்கு முன்னால் குந்தினார். குந்தினவர் உள்ளே போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“போலாமா?” என்று கேட்டார்.

அவர் குந்தியபடியே காத்திருக்க, நான் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து நிதானமாக மூன்று தரம் தள்ளிப் பார்த்தேன்.