பெயர் சொல்லி வாங்கிய அரிசி

என் கணவர் இந்தியாவை மீட்கக் கிளம்பிய அன்று எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு மட்டும்தான் இருந்தது. ஜப்பான்காரன் காலத்துச் சிங்கப்பூரில் யார் வீட்டில்தான் வேறு என்ன இருந்தது? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், திடலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, படையில் சேர்ந்துவிட்டேன் என்றார். கைக்குழந்தையையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டேன்.

"குடும்பத்த அவங்க பாத்துக்குவாங்களாம். வாராவாரம் அரிசி உண்டாம். நீ பயப்படாத" என்றார்.

யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற மனிதர். இல்லாவிட்டால் பர்மா வரைக்கும் போவாரா?

இங்கே முகாமில் இருந்த வரைக்கும் தம் சாப்பாட்டில் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு, கொல்லையில் நட்ட கிழங்கை வைத்துச் சில மாதம் ஓட்டினோம். அதுவும் தீர்ந்தது. அரிசி எங்களைத் தேடி வரவில்லை. நான்தான் அதைத் தேடிப் போனேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையின் மாடியில், படைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கென்று ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் பேரேடு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரே கிழிசலில் திரிந்தபோது அவர் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"உம்மட மனுசன்ர பேர் என்ன?"

எனக்கு நாக்கு எழவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். சண்டைக்குப் போயிருப்பவரின் ஆயுசோடு விளையாட முடியுமா? எங்கள் பெண்கள் எல்லாரும் செய்வதுபோல் நானும் சுற்றி வளைத்தேன்.

"பழனி மலையில இருக்கிற சாமி பேருங்க."

அந்தச் சாமிக்குப் பேருக்கா பஞ்சம்? கிராணி சிரித்துக்கொண்டே தமக்குத் தோன்றிய ஒன்றை எழுதிக்கொண்டார். எனக்கு எழுத்து தெரியாது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பையோடு போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கிராணி கையை விரித்தார்.

"இந்தப் பேரில இருக்கிறவர் முகாமை விட்டு ஓடிட்டார். ஓடினவையின்ர வீட்டுக்கு அரிசி இல்லை. போம்."

"ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு இருக்கிற நெஞ்சழுத்தத்தப் பாரு லா" என்றாள் பின்னால் நின்றவள்.

உடம்பெல்லாம் எரிந்தது. என் கணவர் எதிலிருந்தும் ஓடியவர் இல்லை. ஓடத் தெரிந்திருந்தால் அந்தக் கூட்டத்திலிருந்தே ஓடி வந்திருப்பார். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். இடுப்பில் குழந்தை என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பால் வற்றியிருந்தது. திரும்பிப் போய் மேசை முன்னால் நின்று, அவர் பேரைச் சொன்னேன். மாமனார் பேரையும் சேர்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜப்பான்காரன் ஊரின் பேரையே மாற்றியபோது இவர்களில் ஒருத்தியும் வாயைப் பொத்தவில்லை. கிராணி பேரைத் திருத்தி எழுதினார். புழுவுக்குப் போட்ட சுண்ணாம்பு நாறும் நொய்யரிசி கிடைத்தது.

நான் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது.

"எம் புள்ள உசுர வித்து அரிசி வாங்கிட்டு வந்திருக்கா!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி கஞ்சியைத் தொடவில்லை. காலையில் தொட்டார். அதன் பிறகு வாராவாரம் நான் பேரைச் சொல்லி அரிசி வாங்கி வருவேன். அவர் என்னை வைதுகொண்டே குடிப்பார். பாவமெல்லாம் எனக்கு, கஞ்சி மட்டும் அவருக்கு. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். வரிசையில் நிற்கும்போதெல்லாம், இந்த வாரம் அவருக்கு என்ன ஆகுமோ என்று தாலியைப் பிடித்துக்கொள்வேன்.

பிறகு அவரோடு படைக்குப் போன கூட்டாளி ஒருவர் பர்மாவிலிருந்து திரும்பி வந்தார். காய்ச்சலில் கண்ணெல்லாம் மஞ்சள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"குண்டடி இல்ல அண்ணி. வயித்துப்போக்கு. அங்க தின்ன ஒண்ணுமே இல்ல. மழையில அண்ணன எரிக்கக்கூட முடியல."

எப்போது என்று கேட்டேன். அவர் சொன்ன மாதத்தில் எங்கள் கொல்லையில் இன்னும் கிழங்கு இருந்தது. நான் அந்த மாடிப்படி ஏறுவதற்கு முன்பே என் கணவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. அவரைக் கொன்றது என் வாய் இல்லை.

"கேட்டீங்களா அத்தே? நான் பேரச் சொல்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு. கேட்டீங்களா?" என்று கத்தினேன்.

மாமியார் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அவனுக்குப் போட வேண்டிய வாய்க்கரிசிடி இது. இத்தன நாளா நாம தின்னுட்டு இருந்திருக்கோம்."

உள்ளே குழந்தை பசியில் வீறிட்டது. அவரே எழுந்துபோய் அந்த அரிசியைக் களைந்து உலையில் போட்டார்.