காசியில் விட்ட தயிர்

காலையில் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் நீளமாக ஒரு செய்தி வந்து கிடந்தது. பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற குழந்தைகளின் மூளைக்கு என்னென்ன கொடுக்கவேண்டும் என்று ஒரு பட்டியல். வால்நட், முட்டை, மத்தி மீன், கீரை, பால். அதற்குக் கீழே வரிசையாக அம்மாக்கள் கைகூப்பியிருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதை என் மகளிடம் வாசித்துக் காட்டினேன். "எனக்கு ஒரு சாயா மதி அம்மா, வேறொண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அவளோடு சண்டை போட எனக்கு இப்போதெல்லாம் தெம்பில்லை. அடுத்த அறையில் அம்மாவும் எழுந்துவிட்டிருந்தாள். அவளைப் பல் தேய்க்க வைப்பதற்குள் அரைநாள் ஓடிவிடும்.

எங்கள் காலத்தில் மூளைக்கு இத்தனை பெரிய பட்டியலெல்லாம் கிடையாது. வெண்டைக்காய், அவ்வளவுதான். மார்ச் மாதம் வந்தால் வலியசாலையில், கேரளத்திலிருக்கிற எங்கள் தமிழ்த் தெரு முழுக்க வெண்டைக்காய் வதங்குகிற வாசனை வரும். அம்மா சாலை பஜாரில் ஒவ்வொரு காயாக நுனி ஒடித்துப் பார்த்து வாங்கிவருவாள். அந்தக் காலத்துக் கடைக்காரர்களின் பொறுமையை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பச்சடியில் வெண்டைக்காய், சாம்பாரில் வெண்டைக்காய், ராத்திரிக்கு அதையே வதக்கி ஒரு கறி. எல்லாம் தின்றும் கணக்கில் ஒருமுறை முப்பத்தெட்டு வாங்கினேன். அம்மா மார்க் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீ விதையைத் துப்பியிருப்பே" என்றாள்.

வெண்டைக்காய் போதாதென்று பாதாம் அரைத்துப் போட்ட பாலும் உண்டு. வீட்டுக்கு வருகிற பாலில் முதல் பங்கு எனக்கு, அடுத்தது அப்பாவின் காப்பிக்கு. மிச்சத்தை அம்மா உறைகுத்துவாள். அந்த வீட்டில் அம்மாவுக்கென்று தனியாக ஒன்று இருந்தது என்றால் அது அந்தத் தயிர்தான். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்காருவாள். குழம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. கடைசிப் பிடி சாதத்தின்மேல் கட்டித் தயிரை வெட்டிப் போட்டு, உப்பு மாங்காயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாள். அந்த ஐந்து நிமிஷம் அவளிடம் யாரும் பேசக்கூடாது. வாசலில் யாராவது கூப்பிட்டால்கூட "செத்த இருங்கோ, வரேன்" என்று சொல்லிவிட்டு நிதானமாக விரலை நக்குவாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

பிறகு அப்பா போனார். எனக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய், கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து, இருட்டிய பிறகு அதே மாதிரி நின்றுகொண்டே திரும்புவேன். அம்மா கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறக்க நேரமிருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு மூளை நின்றுபோகும். கம்ப்யூட்டர் திரையில் ஒரே வரியைப் பத்துத் தடவை படிப்பேன். அப்போது ஆபீஸ் கேட்டுக்கு வெளியே இருந்த பேக்கரியில் முட்டை பப்ஸ் தின்னப் பழகினேன். உங்களிடம் சொல்வதற்கென்ன. எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே தாழ்ந்த குரலில்தான் சொல்வோம். வாரத்தில் மூன்று நாள் தின்றுவிட்டு, வாடை போக ஏலக்காய் மென்றுகொண்டே வீடு வந்து சேர்வேன். "என்னடி எப்போதும் ஏலக்காய் மணக்கறது" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். ஆபீசில் டீயில் போடுகிறார்கள் என்று சொன்னேன். நம்பினாள்.

கல்யாணமாகி, மகளுக்கு இரண்டு வயது நடந்தபோது அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போனேன். குழந்தையை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். காசிக்குப் போனால் ஏதாவது ஒரு காயையும் பழத்தையும் விட்டுவிட்டு வரவேண்டும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. படித்துறையில் சங்கல்பம் பண்ணிவைக்கிற வாத்தியார் எங்களைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, கையில் கங்கை நீரை ஏந்தச் சொன்னார். நான் கொத்தவரங்காயை விட்டேன். பிறந்ததிலிருந்தே எனக்கு அது ஆகாது. அம்மா, "பாவக்காய்" என்று ஆரம்பித்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கொழுப்பு வந்ததோ. "இது கள்ளத்தனமாக்கும் அம்மா. பாவக்காயை நீ என்னிக்குத் தின்னிருக்கே? பிரியமானதை விடணும். அப்போதான் அது விடறது" என்று சிரித்தேன். கொத்தவரங்காயை விட்டுவிட்டு நிற்கிறவள் நான்.

அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த தண்ணீரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "பாலும் தயிரும் விட்டேன். மோரும் அதிலே சேர்த்தி" என்றாள். வாத்தியாரே திடுக்கிட்டுப் போனார். "மாமி, அதெல்லாம் யாரும் விடறதில்லை, யோசிச்சுக்கோங்கோ" என்றார். அதற்குள் தண்ணீர் விரலிடுக்கில் இறங்கிவிட்டது. "விட்டாச்சு" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் காப்பி கறுப்பாகிவிட்டது. சாப்பாடு ரசத்தோடு முடிந்தது. கோயிலில் பால்பாயசம் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு எனக்குத் தந்துவிடுவாள். தெருவில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமைதான். ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் இதைக் கதையாகவே சொல்லியிருக்கிறேன். மாற்றாக அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு நெஞ்சில் உரம் ஜாஸ்தி என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பத்துப் பதினொரு வருஷம் அப்படியே போயிற்று. பிறகு கால் மரத்துப்போகிறது என்றாள். "பஞ்சு மேலே நடக்கறாப்பலே இருக்குடி." வயசாயிற்று என்றேன். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வயசாயிற்று. எதிர்வீட்டுக்காரியின் பெயர் வரவில்லை. அதுவும் வயசாயிற்று. வீட்டில் ஒரு காரணம் கைவசம் இருந்தால் வேறு காரணம் தேட யாருக்கு நேரமிருக்கிறது.

ஒருநாள் கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு பூக்கடைக்காரர் போன் பண்ணினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், அம்மா எப்போதும் அவரிடம்தான் பூ வாங்குவாள். "யக்கா, ஒங்க அம்ம பஸ் ஸ்டாண்டுல ரொம்ப நேரமா நிக்காவ. எங்க போணும்னு கேட்டா கழக்கூட்டம்ங்காவ. மக சாப்பிடாமப் போய்ட்டாளாம்." நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தேன். ஆட்டோ பிடித்துப் போனேன். அம்மா கையில் என் பழைய டப்பா இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. என்னைப் பார்த்ததும், "வந்துட்டயா, நான் அங்கே வரலாம்னு இருந்தேன்" என்றாள். நடந்தால் கால்மணி நேரத்தில் வீடு.

நரம்பு டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி, என் வயசுதான் இருக்கும். இது எந்த மாதம் என்று அம்மாவிடம் கேட்டார். தெரியவில்லை. எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பி, "அம்ம பால் குடிக்காறுண்டோ? தயிர், முட்டை, மீன்?" என்று கேட்டார். அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முட்டையா, சிவ சிவா. பாலும் தயிரும் காசியிலே விட்டாச்சு" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பி12 என்று ஒரு வைட்டமின். காயிலும் கீரையிலும் அது கிடையாதாம். முட்டை, மீன் தொடாதவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அது வருஷக்கணக்கில் இல்லாமல் போனால் நரம்பு கெடும், நினைவு கெடும். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அவர் சொன்னபடியே இருந்தது. "இது மாத்திரம் காரணமென்று நான் சொல்ல மாட்டேன், வயசும் உண்டு, வேறே சூக்கேடு, வியாதி ஏதாவதும் இருக்கலாம்" என்று அவர் பாதித் தமிழில் பொறுமையாகச் சொன்னார். எனக்கு முதல் காரணம் மட்டும்தான் காதில் விழுந்தது. வரும் வழியெல்லாம் அந்த மூன்று நாள் முட்டை பப்ஸைத்தான் நினைத்துக்கொண்டேன். என் தலை நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஊசி போட ஆரம்பித்தோம், சிவப்பு மருந்து. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம், பிறகு மாதம். ஊசியோடு பாலும் தயிரும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சாஸ்திரிகளைக் கேட்டேன். மருந்தாகச் சாப்பிட்டால் தோஷமில்லை என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கென்ன, சொல்லிட்டுப் போவார்" என்றாள். தெரியாமல் ஒருநாள் தோசை மாவில் ஒரு கரண்டி தயிர் கலந்தேன். முதல் வாயிலேயே நிறுத்திவிட்டு, தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாள். கோபமில்லை. "பிரியமானதை விடணும்னு நீதானேடி சொன்னே" என்றாள். சமையலறையில் போய்க் கொஞ்சநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஆனால் ஊசி வேலை செய்தது. இரண்டு மாதத்தில் கால் நிலைத்தது. எதிர்வீட்டுக்காரியின் பெயர் திரும்பி வந்தது, அவள் மாமியார் பெயரும் சேர்ந்து வந்தது. ஒருநாள் என் கணக்கு மார்க்கைச் சொல்லி என் மகளைச் சிரிக்கவைத்தாள். அந்த வாரம் நான் எத்தனை சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. செய்த தப்பிலிருந்து தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு ஓரிடத்தில் நின்றது. அப்புறம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஊசியால் மீட்க முடிந்தது அவ்வளவுதான், மிச்சம் வேறு கணக்கு என்றார் டாக்டர். இன்னும் முன்னாடியே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை நீட்டினார்.

இப்போது இரண்டு வருஷமாகிவிட்டது. எதிர்வீடு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. என்னைச் சில நாள் அக்கா என்று கூப்பிடுகிறாள், சில நாள் ஒன்றும் கூப்பிடுவதில்லை. ஆனால் தயிர்க் கிண்ணத்தை எடுத்தால் கையை நீட்டித் தடுப்பாள். எல்லாம் போனாலும் அது மட்டும் போகவில்லை. அதைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வரும். அந்த ஆத்திரத்திலும் ஒரு ஆறுதல் இருந்தது என்பது எனக்குப் போன வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவளுக்கு ரசம் சாதம் ஊட்டிவிட்டு, என் தட்டில் தயிர் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தயிர் இல்லையா?" என்றாள்.

கொஞ்சம் சாதம் பிசைந்து, கட்டித் தயிராகப் போட்டேன். தானே எடுத்துச் சாப்பிட்டாள். இன்னும் என்றாள், போட்டேன். முழங்கைவரை வழிந்தது. "ரொம்ப நன்னாயிருக்கு, யாராத்துத் தயிர்?" என்று கேட்டாள். இதற்காகத்தானே இரண்டு வருஷமாகக் கெஞ்சினேன். டாக்டரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். போனை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன்.

கையைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டேன். "அம்மா, நாம காசிக்குப் போனோமே, ஓர்மை இருக்கா?"

"காசிக்கா? யாரு போனா?" என்றாள்.

அவளும் நானுமாகப் போய்வந்த ஊர் அது. இனி நான் மட்டும் போய்வந்த ஊர்.