வெட்டிய கம்பளி

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. போன நவம்பரில் மைசூரில் என் வீட்டுக்குள்ளேயே நடந்தது இது.

எங்கள் தெருமுனையில் புனித மார்ட்டின் சர்ச் இருக்கிறது. அவர் அந்தக் காலத்துப் படைவீரர். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையை வாளால் வெட்டிப் பாதி கொடுத்தாராம். அதனால் திருவிழா அன்று புதுக் கம்பளி வாங்கி, அவர் சிலை முன்னால் இரண்டாக வெட்டுவது எங்கள் தெரு வழக்கம். ஒரு பாதி வாசலில் இருக்கும் ஏழைக்கு. மறுபாதி வீட்டு நோயாளிக்கு. நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் என் மகள் தாரணிக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை, டாக்டரும் கையை விரித்துவிட்டார். எந்தச் சாமியாக இருந்தால் என்ன? நானும் ஒரு கம்பளி வாங்கிப் போய் வெட்டினேன்.

சர்ச் வாசலில் ஒல்லியாக ஒரு பெண் நின்றாள். பாதியை நீட்டினேன். விரித்துப் பார்த்தாள்.

“அரைக் கம்பளி யாருக்குங்க பத்தும்?”

எனக்குச் சுருக்கென்றது. ஓசியில் வாங்குகிறவளுக்கு வாயைப் பார்! எல்லாருக்கும் பாதிதான், அதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் விரல் என் கையில் பட்டது. ஐஸ்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போர்த்தினேன். முழங்கால் வரைதான் எட்டியது. சரியாக ஏழு மணிக்குக் கரண்ட் போனது. மெழுகுவத்தி எடுக்க அடுப்படிக்குப் போனேன்.

சரக்... சரக்...

தரையில் துணி இழுபடும் சத்தம். கதவைத் தாழ் போட்டிருந்தேனே...

“அம்மா... என் கால போத்திவிடறது யாரு?”

ஓடினேன். தாரணி மட்டும்தான் இருந்தாள்.

கம்பளி அவள் பாதம் வரை மூடியிருந்தது.

வெட்டிய இடத்தைத் தடவினேன். தையல் இல்லை. முழுக் கம்பளி.

கால் பக்கம் மட்டும்... பனியில் கிடந்ததுபோல ஈரம்.

நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் விட்டிருந்தது.

விடிந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். சர்ச் வாசலில் மெழுகுவத்தி விற்கும் சரசுவிடம் அடையாளம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அது கொள்ளேகால் நஞ்சம்மாவாம். முந்தின வருஷத் திருவிழா ராத்திரி, இதே வாசலில் குளிரில் செத்துப்போனவளாம்.

“தலைய மூடிட்டிருந்தா. முழங்காலுக்குக் கீழ கட்டையா வெறச்சுக் கெடந்துச்சு. பாதிதானே குடுத்திருந்தாங்க.”

முழுசாகக் கொடுக்க எங்களில் ஒருத்திக்கும் மனசு வரவில்லை. அவளுக்கு வந்திருக்கிறது, செத்த பிறகும்.