மஞ்சளின் குறுக்கே ஒரு கோடு

பாகம் கேட்கத்தான் மதராசிலிருந்து ஊருக்கு வந்தேன். அப்பா விட்டுப்போன நிலத்தில் என் பங்கை விற்றுக்கொண்டு, திரும்பிப் போய் ஓவியனாகவே காலம் தள்ளுவது என்று திட்டம். முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறும்போது பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டே நடந்தேன். மலைமேல், வளப்பூர் நாடு என்று சொல்லும் எங்கள் ஊரில், வீட்டு வாசலில் அண்ணன் என் தோள்மூட்டையை வாங்கி இறக்கியதும் அத்தனையும் மறந்துபோயிற்று. என்னைப் படிக்க அனுப்பியதே அவர்தான்.

பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருக்கவும் முடியாமல் வரைய உட்கார்ந்தேன். ஐரோப்பாவில் அச்சான ஒரு புத்தகத்தை மதராசில் பார்த்ததிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. அதில் மனிதர் இல்லை, மரம் இல்லை. நிறமும் வடிவமும் மட்டும். மஞ்சள் முன்னால் வரும், நீலம் பின்வாங்கும் என்று நண்பர்களிடம் மணிக்கணக்காக அளந்திருக்கிறேன். ஒரு வேட்டித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பெரிய மஞ்சள் சதுரம், மூலையில் கொஞ்சம் சிவப்பு, மேலே ஒரு நீல வட்டம் போட்டேன். ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தன. மஞ்சளின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இழுத்த பிறகுதான் படம் நிமிர்ந்து நின்றது. கர்வம் தாங்கவில்லை. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடைக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை என்று அண்ணி தணிந்த குரலில் சொன்னார்.

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால், சாணி மெழுகிய தரையில் நிலத்தை வரைந்து, குறுக்கே கரியால் கோடு இழுப்பார்கள். என் மரமண்டைக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"வாயில கேட்டிருக்கலாமே சாமி," என்றார் அண்ணன். "மஞ்சளு நம்ம சாமைக்காடு, வட்டம் ஊத்து. அதான? கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நீயே எடுத்துக்க. ஊத்தும் உனக்கே இருக்கட்டும். எனக்கு அந்த மூலைச் செகப்பு போதும்."

அந்த மூலையில் எங்களுக்கு இருந்தது ஒன்றும் விளையாத செம்மண் மேடு.

கேட்க முடியாமல் தவித்தது தானாக மடியில் வந்து விழுந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கோபம் கொஞ்சமும் இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

"இது நம்ம காடு இல்லீங்கண்ணா. வெறும் படமுங்க."

"படமா? இதுல என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. நெறந்தான்."

படத்தின் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு, கேட்பதற்கே கூச்சப்பட்டுக்கொண்டு, "அந்தக் கோடு மட்டும் இல்லீன்னா படம் கெட்டுப்போகுமா கண்ணு?" என்றார்.

மதராசில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். படமே அந்தக் கோட்டில்தான் நின்றது.

"கெடாதுங்கண்ணா," என்று சொல்லி, மஞ்சளைக் குழைத்து, அவர் கண்ணெதிரே அதை மூடினேன். காயாத கறுப்பு கலந்து மஞ்சளெல்லாம் அழுக்குப் பச்சையாயிற்று. படம் நாசம். அதற்குப் பிறகு பாகத்தைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை.

"இப்பத்தான் நல்லா இருக்குது," என்ற அண்ணன், எங்கள் இருவருக்கும் சோறு போடச் சொன்னார்.