பலாமரத்தின் மேல் விழுந்த பழி

கல்வராயன் மலையில் பச்சையம்மா என்பவரின் பலாமரத்துக்கு ஒரு பெரிய கிளை போனது. வெட்டியவர் எதிர்வீட்டுத் துரைசாமி. வெட்டக் காரணம் எங்கள் டிஷ் ஆண்டெனா கடை. "மழைக்காலம் வந்தா டி.வி. தெரிய மாட்டேங்குது பாய்" என்று அவர் போன் செய்தபோது, கடையை நடத்தும் என் அப்பா, எங்கள் அத்தா, இடத்தைப் பார்க்காமலேயே, "எதிர்ல மரம் கிரம் மறைக்குதோ என்னவோ" என்று சொல்லிவிட்டார். டிஷ் ஆண்டெனா தொழிலில் கூரையிலிருந்து விழுவதைவிட ஆபத்தானது, கடையில் உட்கார்ந்துகொண்டே காரணம் சொல்வது.

கிளை போயும் சிக்னல் வரவில்லை. "முழு மரமும் போகணும்" என்று துரைசாமி ஆரம்பித்தார். அந்த மரத்துப் பழங்களை விற்றுத்தான் பச்சையம்மா தன் மகளைக் கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்க வைக்கிறார். ஊர்ப் பெரியவர்களோ, "டிஷ் கடைக்காரர் வந்து பாத்துச் சொல்லட்டும், அப்புறம் வெட்டலாம்" என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். விடுமுறையில் மெக்கானிக் செல்வம் அண்ணனோடு சர்வீசுக்குப் போகிறவள். அண்ணன் ஏறுவார், நான் சிக்னல் மீட்டரைப் பிடிப்பேன், மற்றபடி வாதாடுவேன். "நீங்க சொன்ன வார்த்தை அத்தா, நீங்களே போய்த் திருப்பி வாங்குங்க" என்றேன். அத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீயே போய் வாங்கிட்டு வாம்மா. எனக்கு மலை ஏறினா தலை சுத்தும்."

மலை ஏறுவதற்கு முன், பருவத்துக்கொரு முறை 'சிக்னல் இல்லை' என்ற திரையை வெறித்துப் பார்க்கும் என் சகபாவிகளே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிக்னல் போனதும் நாம் எல்லோரும் செய்கிற முதல் வேலை, பழி போட ஆள் தேடுவது.

வடகத்தின் மேல் நிழல்

வடக்கனந்தலில் சரோஜா அக்கா வீட்டில் ஒவ்வொரு கோடையிலும் படம் போய்விடும். "வெயில் ஜாஸ்தியானா உங்க டிஷ் தாங்கல" என்பது அவர் குற்றச்சாட்டு. மாடிக்குப் போனால் தரை முழுக்க வெள்ளை வேட்டி, வேட்டி முழுக்க வடகம். நடுவே எங்கள் டிஷ், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"யாருக்கா திருப்பினது?" என்றேன். இங்கே ஒரு விரல் அளவு நகர்ந்தாலும் மேலே செயற்கைக்கோளை எங்கேயோ தவறவிட்டுவிடும் என்று விளக்கினேன். அக்கா அசரவில்லை. "வடகத்து மேல நெழல் வுழுந்திச்சி, கொஞ்சூண்டு தள்ளி வெச்சேன். அதுக்குப் போயி இவ்ளோ கோச்சிக்கினா எப்டி?"

சூரியன் செய்த குற்றம்

மாசிக் கடைசியிலும் புரட்டாசியிலும் சில நாள், உச்சி வேளையை ஒட்டி, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிடம் டிஷ்ஷுக்குச் சூரியனின் இரைச்சல்தான் கேட்கும். படம் உடைந்து, தானே திரும்பி வரும். இதற்கு மருந்து கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான்.

இதை உளுந்தூர்பேட்டை ஓட்டல் முதலாளி ஒருவரிடம் சொன்னேன். கிரிக்கெட் பார்த்தபடி சாப்பிட வந்த லாரிக்காரர்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். அவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மெக்கானிக் வரலியா?" என்றார். நான் காகிதத்தில் சூரியன், செயற்கைக்கோள், அவர் ஓட்டல் மூன்றையும் வரைந்து காட்டினேன். ஓட்டலைச் சிறியதாக வரைந்துவிட்டேன் என்று அதற்கும் வருத்தப்பட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் திரும்பி வந்தது. அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சூரியன் வந்தா இருட்டிப் போவும்னு சொன்ன மொத ஆள் நீதாம்மா."

மலைமேல் விசாரணை

நானும் செல்வம் அண்ணனும் வெள்ளிமலை தாண்டி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர், துரைசாமி, கையைக் கட்டிக்கொண்டு பச்சையம்மா, எல்லோரும் தயாராக இருந்தார்கள். பலா நேர் எதிரே நின்றது. டிஷ்ஷின் முகமும் அதைப் பார்த்தே இருந்தது. யார் பார்த்தாலும் மரம்தான் குற்றவாளி என்பார்கள். "பாத்தீங்கல்ல? வேற இன்னா சாட்சி வேணும்?" என்றார் துரைசாமி.

நான் மரத்தைப் பார்க்கவில்லை. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கைப் பார்த்தேன். சிக்னலை வாங்குகிற பாகம் அதுதான். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. பைக்குள் தண்ணீர் தொப்பையாகத் தொங்கியது.

"இது இன்னாங்க?"

துரைசாமி பெருமையாகச் சொன்னார்: "மழையில நனைஞ்சா கெட்டுப் பூடாதா? ஆடி பொறந்தா கட்டுவேன், தை பொறந்தா அவுப்பேன். ஒரு வருசம்கூட மறந்ததில்ல!"

செல்வம் அண்ணன் பையை அவிழ்த்தார். ஒயர் இணைப்பு களிம்பேறிப் பச்சையாகப் பூத்திருந்தது. நுனியை வெட்டிப் புது பின் போட்டதும், அந்தத் தூறலிலேயே படம் பளிச்சென்று வந்தது. பச்சையம்மா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். எனக்கு ஜெயித்த மிதப்பு. ஆனால் துரைசாமி என்னைவிடப் பெரிய வாதக்காரர். "கிளைய வெட்னதாலதான் இப்போ வருது. பையி மட்டும் காரணம்னு எப்டி சொல்ற? மீதி மரமும் போயிட்டா இன்னும் நல்லா வரும்."

தகரத்தின் சாட்சியம்

நல்ல கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் பதிலையும் நன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. "கிளை இருந்த எடத்துல, அதவிட ஜாஸ்தியா மறைக்கிற ஒண்ண வெப்போம்" என்றேன். துரைசாமி வீட்டு மாட்டுக்கொட்டகைத் தகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு செல்வம் அண்ணன் பலாமரத்தில் ஏறி, வெட்டுப்பட்ட இடத்தில் அதை விரித்துப் பிடித்தார். டி.வி.யில் ஒரு மாமியார் அழுதுகொண்டே இருந்தார். ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

பிறகு அண்ணனை இறங்கச் சொல்லி, கூரைமேல் ஏற்றி, தகரத்தை டிஷ்ஷுக்கு மேலே, தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். மாமியார் வாயைத் திறந்தபடி உறைந்து போனார்.

"முகம் எதிரே பாக்கற மாதிரிதாங்க இருக்கும். ஆனா நம்ம ஊர்ல டிஷ் பாக்கறது அண்ணாந்து. இந்த மரம் அது கண்ணுலயே படல" என்றேன். பெரியவர்களில் மூத்தவர் மரத்தையும் வானத்தையும் பார்த்தார். பிறகு துரைசாமியிடம் சொன்னார்: "மரத்து மேல இனி ஒருத்தரும் கை வெக்கக் கூடாது. போன கிளைக்கு நீ இன்னா செய்யப் போற?"

பதில்

துரைசாமி தலையைச் சொறிந்தார். "தப்புதான். இன்னா செய்யணும்னு அந்தம்மாவே சொல்லட்டும்." நான் முந்திக்கொண்டேன். ஊரறிய மன்னிப்பு, கிளைக்குப் பதில் பத்துக் கன்று என்று ஒரு தீர்ப்பையே வாசித்தேன். பச்சையம்மா என் தோளைத் தொட்டு, "நீ கொஞ்சம் கம்முனு இரு கண்ணு" என்றார்.

அவர் வீட்டில் டி.வி. கிடையாது. தினமும் சாயங்காலம் துரைசாமி வீட்டில்தான் நாடகம் பார்ப்பாராம்; கிளை விழுந்த நாளிலிருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை. எத்தனையோ டிஷ்களைத் திருப்பி வைத்த எங்களுக்கு அன்று கடைசியாக டி.வி.யையே திருப்பி வைக்கிற வேலை வந்தது, பச்சையம்மா துரைசாமிக்குச் சொன்ன பதிலால்: "பொட்டிய ஜன்னல் பக்கமாத் திருப்பி வை. நான் உன் வூட்டுக்கு வர மாட்டேன், என் மரத்தடியிலயே உக்காந்துகினு பாப்பேன். சத்தம் மட்டும் கம்மி பண்ணாத."